கிலோவுக்கு முப்பத்தைந்து காசு

காலை ஏழு மணி. பதினோரு பேர்.
சுங்கை பெலியோங் ஸ்டேஷனில்
பூட்டிய டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால்
காலுக்குக் கொசு மருந்து பூசிக்கொண்டோம்.
ஸ்டேஷன் இப்போது கார் கழுவும் இடம்.
கழுவிக்கொண்டிருந்த நேப்பாளிப் பையன்
"இங்கே ரயில் வராது" என்றான் மலாயில்,
வெகு அக்கறையோடு.

ஒன்பது மைல், என்றாள் ஹஸ்லினா.
வழியில் ஓர் ஈய லம்பம், ஒரு செங்கல் சூளை,
ஒரு ரப்பர் ஆலை.
மூன்றும் செத்தவை.
பாம்பு உயிரோடு இருக்கும், பார்த்து மிதியுங்கள்.

அரை மைலிலேயே தெரிந்துவிட்டது,
சிலிப்பர் கட்டையை
மனிதக் காலுக்கு அளந்து வைக்கவில்லை.
ஒவ்வொன்றாய் மிதித்தால்
சேலை தடுக்கியது போல ஒரு நடை.
ஒன்று விட்டு ஒன்று என்றால்
சாக்கடை தாண்டுகிற தாவல்.
நடுவில் வைத்தால் ஜல்லிக்குள் கணுக்கால்.
ஒருவர் முதுகைப் பார்த்தே ஒருவர் போனோம்.
பேச்சும் கட்டை கட்டையாகத்தான் வந்தது.

லம்பம் பச்சைத் தண்ணீராய்க் கிடந்தது.
சூளைப் புகைபோக்கியின் உச்சியில் ஓர் அத்தி முளைத்து
புகை மாதிரியே வலப்பக்கம் சாய்ந்திருந்தது.
ரப்பர் ஆலையில் கூரை இல்லை, உருளை இல்லை,
சுவரே பாதிதான்.
ஆனால் புளித்த பால் நாற்றம்
அப்படியே இருந்தது.
லயங்கள் இருந்த மேட்டில் செம்பனை,
ஒன்பது மீட்டருக்கு ஒன்று,
ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் நம்பர்.

அங்கேதான் தண்டவாளம் நின்றுபோனது.

"ஜப்பான்காரன் சயாமுக்குப் பெயர்த்திருப்பான்"
என்றார் சிவநேசன்.
ஹஸ்லினா குனிந்து முனையைத் தடவினாள்.
இரும்பு உருகி, சொட்டி, உறைந்திருந்தது.
"இது கேஸ் வெட்டு. அவ்வளவு பழசு இல்லை."

"நான்தான் எடுத்தேன்"
என்றான் பரந்தாமன்.

கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
அதுவரை வாயே திறக்காதவன்.

"தொண்ணூத்தெட்டு.
தோட்டத்த வித்தாச்சு, லயத்துக்குக் கரண்டு வெட்டியாச்சு.
மூணு பேரு, ஒரு கேஸ் தோங்கு, எரவல் லோரி.
ராத்திரி வெட்டுனா வெளிச்சம் தெரியும்னு
பட்டப்பகல்லயே வெட்டுனோம்.
கம்பெனி ஆளுங்கன்னு நெனச்சி
போலீஸ்காரரு கை காட்டிட்டுப் போனாரு.
நானூறு அடி. கிலோ முப்பத்தஞ்சு காசு."

யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கணக்காளர் கீ சியூ ஃபோங்
கைப்பேசியை எடுத்தார்.
நானூறு அடி, இரண்டு வரிசை,
கெஜத்துக்கு எண்பது ராத்தல் என்று வைத்தாலும்
மூவாயிரத்து முந்நூறு வெள்ளிக்கு மேல் வரவேண்டும்.
எவ்வளவு கொடுத்தான்?

"ஆயிரத்து நூறு."

"தராசு" என்றார் ஃபோங்.

பரந்தாமன் அந்த வெறும் தரையை
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
இத்தனை வருஷம் கழித்து
இப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

"கட்டைகள்?" என்று கேட்டேன்.
"அதுவுந்தான்க்கா.
ரிசார்ட்டுக்காரன் வாங்கிட்டான், பூந்தோட்டத்துல பாதை போட."

பிறகு நடந்தோம்.
அந்த நானூறு அடியில் மட்டும்
காலுக்கு யாரும் அளவு சொல்லவில்லை.
குட்டையானவர் குட்டையாய், நெட்டையானவர் நெட்டையாய்
வைத்தோம்.
இருவர் மூவராய்ச் சேர்ந்தோம்.
சிவநேசன் தன் முழங்கால் ஆபரேஷனை முழுசாய்ச் சொல்லி முடித்தார்.
இரண்டு நிமிஷம் இருக்கும்.
அப்புறம் இரும்பு தொடங்கியது, கட்டை தொடங்கியது,
மறுபடி வரிசையானோம்.

பாலத்தடி ஒட்டுக்கடையில் பசியாறினோம்.
பதினோரு தே தாரிக், ரொட்டி, இரண்டு நாசி லெமாக்.
பரந்தாமன் எழுந்து போய்ப் பணம் கட்டினான்.
ஐம்பத்து மூன்று வெள்ளி இருபது காசு.
வழக்கமாய் நடக்கும் இழுபறி இல்லை,
யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.
ஃபோங் மட்டும் ரசீதை வாங்கி
ஒரு தடவை கூட்டிப் பார்த்தார்.
சரியாக இருக்கிறது, என்றார்.